நாயா, துறவியா? – மத்தவிலாச நாடகமும் தப்பெண்ணத்தின் இயல்பும்

காஞ்சி மாநகரின் தெருக்களையே மேடையாகக் கொண்டு எழுந்த நாடகம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியும் பாகதமும் விரவ யாத்த 'மத்தவிலாசப் பிரகசனம்' என்பது அதன் பெயர். பிரகசனம் என்றால் எள்ளி நகையாடும் நாடக வகை. காஞ்சிக்கு அண்மையிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் இதன் பெயர் காணப்படுகிறது. ஓலைச்சுவடியில் உறங்கிக் கிடந்த இந்நூலைக் கணபதி சாஸ்திரியார் 1917-இல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், விஷ்ணு பட் என்பாருடன் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1981-இல் வெளிவந்தது. கேரளத்துக் கோயில்களில் சாக்கியர்கள் இதனைக் கூத்தாக நடித்து வந்துள்ளனர். நாடகம் பிறந்த காஞ்சியிலோ இதன் பெயரை அறிந்தவர் சிலரே.

பல்லவர் காலத்து மதுக்கடைகளுக்கும் சமயப் பூசல்களுக்கும் சான்று காட்டுவதற்காக வரலாற்றாசிரியர் இந்நாடகத்தை எடுத்தாளுவர். வெறும் சிரிப்புக் கதை என்று இலக்கியவாணர் ஒதுக்குவதும் உண்டு. இவ்விரண்டினும் மேலான பெருமை ஒன்று இதற்கு உண்டு என்பது என் துணிபு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பற்றி ஆராயாமலே கொண்டுவிடும் தீய முடிவு எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை இத்துணை நுட்பமாகக் காட்டும் பழம்பனுவல் வேறொன்றை நான் படித்ததில்லை. இன்று 'சமூக உளவியல்' என்னும் துறையினர் இதனை ஆய்கின்றனர். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டவற்றுள் சிலவற்றை மகேந்திரன் தன் தலைநகரின் தெருவிலேயே கண்டிருக்கிறான்.

முதலில் கதை. சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் மதுமயக்கத்தில் காஞ்சித் தெருக்களில் திரிகின்றனர். காபாலிகர், மண்டையோட்டை இரப்புக் கலனாக ஏந்தும் சைவப் பிரிவினர். போகும் வழியில் அவனது கபாலம் காணாமற் போகிறது. அதனுள் சுட்ட இறைச்சி இருந்தது. அவ்வேளை நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி, செல்வர் ஒருவர் இல்லத்தில் நல்விருந்து பெற்று, ஓட்டை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு இராச விகாரம் நோக்கி வருகிறான். கபாலத்தைத் திருடியவன் நீயே என்று காபாலிகன் அவனை மறிக்கிறான். வழக்குத் தீர்க்கப் பாசுபதன் ஒருவன் வருகிறான். இறுதியில் பித்தன் ஒருவன் நாயின் வாயிலிருந்து பறித்த கபாலத்துடன் வந்து சேர, உண்மை வெளிப்படுகிறது.

அக்காலக் காஞ்சி எத்தகையது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மகேந்திரனுக்குச் சற்றுப் பின், 640-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் எண்பது தேவாலயங்களும் மிகுதியான சமணரும் இருந்ததாக எழுதி வைத்தார். ஆக, காபாலிகனும் பௌத்தனும் ஒருவரையொருவர் அறியாத அந்நியர் அல்லர். நாள்தோறும் ஒரே தெருவில் எதிர்ப்படுபவர்கள். அறியாமையே தப்பெண்ணத்தின் வேர் என்று மேடைதோறும் பேசுகிறோம் அல்லவா? மகேந்திரன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

நாடகத்தின் உயிர்நிலை, கபாலம் காணாமற்போனதை அறிந்ததும் சத்தியசோமன் சொல்லும் முதற் பேச்சில் இருக்கிறது. உள்ளே இறைச்சி இருந்தமையால் அதை நாய் எடுத்திருக்க வேண்டும், இல்லையேல் பௌத்தத் துறவி எடுத்திருக்க வேண்டும் என்று அவன் ஊகிக்கிறான். சரியான விடை முதல் மூச்சிலேயே அவன் வாயில் வந்துவிட்டது. ஆனால் அவன் நாயைத் தேடிப் போகவில்லை. நாயையும் துறவியையும் ஒரே தட்டில் நிறுத்தியபோதே அவமதிப்பு முடிந்துவிட்டது. பிறகு அத்தட்டிலிருந்து நாய் மெல்ல இறங்கிப் போகிறது, துறவி மட்டும் எஞ்சி நிற்கிறான். பார்வையாளர் சிரித்துக்கொண்டிருக்கையில் இது நடந்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை.

அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் தப்பெண்ணத்தின் இயல்பு பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இத்துறையில் நுழைவோர் இன்றும் முதலில் கற்கும் நூல் அது. எல்லா முன்முடிவும் தப்பெண்ணம் ஆகாது என்கிறார் அவர். வகைப்படுத்தாமல் மனித மனம் ஒரு நாளையும் கழிக்க இயலாது. காய்கறி வாங்கினாலும் வண்டியேறினாலும் முன்னறிவைக் கொண்டே நடக்கிறோம், பல வேளைகளில் தவறவும் செய்கிறோம். புதிய செய்தி கிடைத்தவுடன் அம்முடிவைத் திருத்திக்கொண்டால் அது வெறும் பிழை. உண்மை கண்முன் வந்து நின்ற பின்னும் திருத்திக்கொள்ள மறுத்தால் அதுவே தப்பெண்ணம். பிழைபட்டதும் வளையாததுமான பொதுமைப்படுத்தலின் மேல் எழும் பகையுணர்வு என்று அவர் வரையறை செய்வதன் கருத்து இதுவே.

இவ்வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு நாகசேனன் தன் ஓட்டை வெளியே எடுத்துக் காட்டும் காட்சியைப் படியுங்கள். ஓடு கண்முன் இருக்கிறது. நிறம் வேறு, வடிவம் வேறு. வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். காபாலிகனோ புத்தரின் அன்னையின் பெயர் மாயை என்பதைப் பிடித்துக்கொள்கிறான். மாயையின் வழிவந்தவர்களுக்கு நிறத்தையும் உருவத்தையும் மாற்றுவது அரிதா என்கிறான். தேவசோமையோ, முழுநிலவு போலிருந்த நம் கபாலம் இவன் கைப்பட்டு இந்நிலைக்கு ஆளாயிற்றே என்று புலம்பவே தொடங்கிவிடுகிறாள். குற்றமின்மைக்குச் சான்றாக நீட்டப்பட்டது குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. துறவி தன் நெறியின் கட்டளைகளை ஓதி, திருடாமை எங்கள் அறம் என்கிறான். பொய்யாமை எங்கள் நெறியிலும் உண்டு என்கிறான் காபாலிகன். இரு தரப்பும் தத்தம் மறைநூலைக் கேடயமாகப் பிடிக்க, வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்னும் நுட்பமானது அடுத்த நிகழ்ச்சி. துறவியின் தலைமயிரைப் பற்றி இழுக்கப் பாய்ந்த தேவசோமை, மழித்த தலையில் பிடி கிட்டாமல் கீழே விழுகிறாள். நாகசேனன் இரங்கித் தன் கையை நீட்டி அவளைத் தூக்கிவிடுகிறான். உடனே சத்தியசோமன், பாருங்கள், என் மனைவியின் கையைப் பற்றிவிட்டான் என்று ஊரைக் கூட்டுகிறான். தன்னைத் தாக்க வந்தவளுக்குச் செய்த உதவி காமமாகத் திரிக்கப்படுகிறது. ஆல்போர்ட்டின் மாணவர் தாமஸ் பெட்டிகுரூ 1979-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பகைக் கூட்டத்தார் தீமை செய்தால் அது அவர்களின் பிறவிக் குணம் என்போம். நன்மை செய்தால் தற்செயல் என்போம், நடிப்பு என்போம், உள்நோக்கம் என்போம், அல்லது 'இவர் மட்டும் விதிவிலக்கு' என்போம். "நல்ல மனுசந்தான், ஆனா அந்த ஆளுங்கள்ல ஒருத்தர்" என்று நம்மூரில் ஒருவரைப் பாராட்டும்போது விழும் அந்த 'ஆனா'வை ஆராய்வதற்கு ஒரு தனிநூல் எழுதலாம்.

நடுவராக வரும் பாசுபதன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவனுக்கே துறவிமேல் பழம்பகை ஒன்று உண்டு. நீதிமன்றம் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரங்களின் செல்வத்தால் நீதிபதிகளின் வாயை அடைத்துவிடுவார்கள் என்று தேவசோமை அஞ்சுகிறாள். 'அவர்களிடம் பணம் இருக்கிறது, எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள்' என்னும் இப்பேச்சைச் சிறுபான்மைச் சமயத்தவராகிய நாம் நம்மைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். நாமும் பிறரைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்.

உண்மையை உடைய நாயைவிட்டு, உண்மையில்லாத துறவியை ஏன் பற்றிக்கொள்ள வேண்டும்? இதற்கு மகேந்திரன் விடை கூறவில்லை. ஹென்றி தாய்பெல் என்பவர் ஓரளவு கூறினார். போலந்தில் பிறந்த யூதரான இவர் இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்து மீண்டார். குடும்பத்தாரோ யூத இனப்படுகொலையில் மாண்டுபோயினர். பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிச் சிறுவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 1970-இல் வெளியிட்டார். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பது போன்ற அற்பக் காரணம் சொல்லி, உண்மையில் சீட்டுக் குலுக்கியது போல, அவர்களை இரு கூட்டமாக்கினார். தம் கூட்டத்தில் வேறு யார் உளர் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பணம் பகிர்ந்தளிக்கச் சொன்னபோது தம் கூட்டத்தார்க்கே மிகுதி தந்தனர். அதனினும் வியப்பு, தம்மவர்க்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் சரி, மற்றவரைவிட வேறுபாடு பெரிதாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணினர். பழம்பகையோ வறுமையோ அங்கில்லை. 'நாம்' என்று ஒரு கோடு கிழித்ததே போதுமானதாயிற்று.

கோடு என்றவுடன் காஞ்சிவாழ் அன்பர்க்கு வரதராசப் பெருமாள் கோயில் நினைவுக்கு வந்திருக்கும். பாதம் வைத்த நாமமா, வைக்காத நாமமா, முன்னின்று ஓதும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் ஆங்கிலேயர் காலந்தொட்டு இந்நூற்றாண்டு வரை நீதிமன்றப் படிகளை ஏறி வந்துள்ளனர். கோயில் யானையின் நெற்றி நாமமும் வழக்காயிற்று. இரு சாராரும் வணங்குவது ஒரே பெருமாளை, போற்றுவது ஒரே இராமானுசரை. அண்டை வீட்டாரின் பூசலைப் பார்த்து நகைப்பது எளிதாதலின் இதற்கு மேல் செல்லாமல் நம் வீட்டுக்கு வருவோம்.

நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமா என்று நத்தனியேல் கேட்டதை யோவான் நற்செய்தி மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. ஊர்ப்பெயர் கேட்டவுடன் ஆளை எடைபோடும் வினா அது. பின்னாளில் கிறித்தவர்களே அதனினும் கொடிய வினாக்களை யூதர்மேல் தொடுத்தனர். புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்க்காக வேண்டுகையிலேயே அவர்களை இகழும் அடைமொழி ஒன்று நூற்றாண்டுகளாக ஒலித்தது. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் அதை நீக்கினார். இயேசுவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாக்க இயலாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. ஒரு சிலரின் செயலை ஓர் இனம் முழுமைக்கும் ஏற்றுவது என்னும், ஆல்போர்ட் சுட்டிய அந்தப் பொதுமைப்படுத்தலைத்தான் அவ்வேடு மறுக்கிறது.

இனி, நாடகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். மகேந்திரன் எல்லாச் சமயத்தாரையும் சமமாக எள்ளினான் என்று திறனாய்வாளர் பாராட்டுவர். எனக்கு அது முழுதும் உடன்பாடு அன்று. சமணர் ஒருவர்கூடப் பாத்திரமாக மேடையேறவில்லை. காபாலிகன் வாயில் இகழப்படுவதோடு சரி. மறுமொழி கூற அவர்களுக்கு ஆளில்லை. பௌத்தத் துறவியோ உண்டி விருப்பினனாக, மதுவையும் மகளிரையும் புத்தர் ஏன் விலக்கினார் என்று ஏங்குபவனாக வருகிறான். அதாவது, திருட்டுக் குற்றச்சாட்டு பொய் என்று காட்டும் ஆசிரியனே, துறவியரைப் பற்றிய ஊர்ப்பேச்சு மெய் என்று காட்டிவிடுகிறான். இது சிறிய முரண்பாடு அன்று. தப்பெண்ணத்தைத் தோலுரிக்கும் நாடகம் தன் சிரிப்பை அத்தப்பெண்ணத்திடமிருந்தே கடன் வாங்குகிறது.

இதனினும் பெரிய குறை முடிவில் உள்ளது. பித்தன் வருகிறான், கபாலம் கிடைக்கிறது, காபாலிகனும் துறவியும் இன்சொல் கூறிப் பிரிகின்றனர். எவர் உடலிலும் கீறல் இல்லை, எவர் உரிமையும் பறிபோகவில்லை. தப்பெண்ணம் என்பது பார்வையில் நேர்ந்த பிசகு, பொருள் கிடைத்தால் தீர்ந்துவிடும் என்று இந்நாடகம் நம்மை நம்பவைக்கிறது. அறிமுக நிலையில் கற்பிக்கப்படும் உளவியலும் பெரும்பாலும் இவ்வாறே தப்பெண்ணத்தை மனத்துக்குள் தேடுகிறது.

இதற்கு மாற்றாக நான் உடன் வைத்துப் படிப்பது பாமாவின் 'கருக்கு'. தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவர், துறவற இல்லத்தில் சேர்ந்து பின் வெளியேறியவர், 1992-இல் தம் வாழ்வை எழுதிய நூல். அதிலும் ஒரு வேடிக்கைக் காட்சி வருகிறது. தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம்மவர் கை பட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர் கருதுவதால்தான் அவர் அப்படிச் சுமந்து போனார் என்று விளக்குகிறான். மகேந்திரனின் மேடையில் வைத்தால் இதுவும் நல்ல எள்ளற்காட்சியே. பாமாவின் பக்கத்தில் சிரிப்பு நின்றுபோகிறது. இங்கே யாரும் எதையும் பிசகாகப் பார்த்துவிடவில்லை. பொட்டலம் யாருடையது, கை யாருடையது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவால் ஒருவருக்கு ஆதாயமும் இருக்கிறது. துறவற இல்லத்துக்குள்ளும் அதே பாகுபாட்டைக் கண்டதை அந்நூல் மேலும் சொல்கிறது. அப்பகுதியை நம் இல்லங்களில் எத்தனை பேர் உரக்கப் படித்திருப்போம்?

2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே செபமாலை அன்னையை வணங்கும் ஊர். தமக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர் கேட்டனர். இறுதி ஊர்வலம் செல்லும் பாதையும் கல்லறையும் நெடுநாள் வழக்காக இருந்தன. கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கபாலம் நாயின் வாயில் இருந்தது என்று அங்கு வந்து சொல்லப் பித்தனுக்கு வேலையில்லை. காணாமற்போன பொருள் எதுவும் இல்லை. தெருவும் கல்லறையும் யார் வசம் என்பதே கேள்வி. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஏட்டில் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நல்லதே. ஆயினும் ஏடுகளால் சுவர் விழுவதில்லை என்பதை இம்மறைமாவட்ட வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதனால் விழும் என்பதற்கு உளவியலார் தரும் விடை 'தொடர்பு'. முசாபர் ஷெரீப் என்பவர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லகோமாவில் 22 சிறுவரை இரு அணியாக்கிப் போட்டியில் மோதவிட்டார். ஒன்றாக உணவருந்த வைத்தபோது உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினர். முகாமின் தண்ணீர் நின்றுபோய் எல்லாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தபோதும், நின்றுபோன வண்டியை எல்லாரும் கயிறு கட்டி இழுத்தபோதும் பகை தணிந்தது. (ஆய்வாளரே சிறுவரைத் தூண்டிவிட்டனர் என்ற கண்டனம் பின்னாளில் எழுந்தது; அதையும் மனத்திற் கொள்க.) ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகள் விதித்தார்: சம நிலை, பொது நோக்கம், கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு. பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, தொடர்பு தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றும், இந்நிபந்தனைகள் அமைந்தவிடத்து மிகுதியாகக் குறைக்கிறது என்றும் கண்டனர்.

இந்நான்கனுள் முதலாவது எத்துணை இன்றியமையாதது என்பதைக் காஞ்சித் தறி ஒன்றே காட்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைச் சேலையை ஒருவர் நெய்ய முடியாது. மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருபுறம், கரை நாடாவைத் தள்ளும் துணையாள் மறுபுறம். பொது நோக்கம் உண்டு, கூட்டு உழைப்பு உண்டு, ஒருவர் மூச்சு மற்றவர்க்குக் கேட்கும் நெருக்கம் உண்டு. அத்துணையாள் பல்லாண்டுக் காலம் முன்பணத்துக்குக் கட்டுண்ட சிறுவனாக இருந்தபோது அந்நெருக்கத்தால் அவனுக்கு என்ன கிடைத்தது? ஒரு தறியில் அமர்வதும் ஒரு நிலையில் அமர்வதும் வேறு வேறு.

நம் கோயில்களிலும் ஒரே அப்பத்தை உண்கிறோம். பின்னர் மணவோலை வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டாயின் தெரிவிக்குமாறு கேட்கிறோம். திருச்சபைச் சட்டம் அறிந்த தடைகளை மக்கள் வந்து சொல்வதுண்டு. சட்டத்தில் இல்லாத தடை ஒன்று இருக்கிறது. அதை எவரும் வந்து சொல்வதில்லை, ஏனெனில் ஓலை என் கைக்கு வருமுன்பே அது தன் வேலையை முடித்திருக்கும்.

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி இளைஞர் நாடகம் போடும் வழக்கம் பல பங்குகளில் உள்ளது. மத்தவிலாசத்தை எளிய தமிழில் சுருக்கி நடிக்கத்தக்கதாகச் செய்து தருவார் உளரேல் வரவேற்பேன். மதுக்கடைக் காட்சியைக் குறைக்கலாம். நாயைக் குறைக்கக் கூடாது. பார்வையாளர் கண்ணில் படும்படி அது தொடக்கத்திலேயே மேடையைக் கடந்து போகட்டும். நாகசேனனாக எந்தத் தெருப் பிள்ளை நடிப்பது, சத்தியசோமனாக எந்தத் தெருப் பிள்ளை வருவது என்ற கேள்வி எழும். ஒத்திகைக்கு எந்தத் தெருவில் கூடுவது என்ற கேள்வி அதற்கும் முன்னே எழும்.